செட்டிநாட்டுத் திருவிழா இரவுகள்: தோப்பில் தங்கி இசை கேட்ட அனுபவம்

செட்டிநாட்டு ஊர்களில் வைகாசி, ஆனி மாதங்களில் நடைபெறும் கோயில் திருவிழாக்களின் இசைப் பகுதி ஏறக்குறைய முழுவதும் இரவுக்கு உரியது. விளக்கு வைத்த பிறகு சுவாமி புறப்பாட்டோடு நாகசுரம் தொடங்கும். வீதியுலா முடிந்து பத்து மணியளவில் கோயிலுக்கு எதிரே போட்ட மேடையில் நாடகம் தொடங்கும். நாடகம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். வெளியூரிலிருந்து சென்று சில நாள் தங்கிக் கேட்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரவில் எங்கே படுப்பது என்று கேட்கிறார்கள். இரவில் படுக்க அதிக நேரம் இராது. காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை, வைகாசி வெயில் காயும் அந்த நேரத்தில், எந்த நிழலில், எதன் மேல் உறங்குவது என்பதைத்தான் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அது சரியாக அமைந்தால் இரவு முழுவதும் காது திறந்திருக்கும். அமையாவிட்டால் எவ்வளவு பெரிய வித்துவான் வாசித்தாலும் கேட்பவருக்குக் கொட்டாவிதான் மிஞ்சும்.

நானும் கல்லூரிக் காலத்திலிருந்து பழகிவரும் நண்பரும் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் வைகாசித் திருவிழாவுக்குக் கூடாரத்துடன் சென்று தங்கி வருகிறோம். அவர் தவில் கேட்க வருபவர். குன்றக்குடியில் 1935ஆம் ஆண்டு பிறந்த வைத்தியநாதன், வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு தம் வயலினை இணைத்து மேடையேற்றியதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நண்பரை நிறுத்துவது கடினம். வீணைக்குக் காரைக்குடி சகோதரர்களையும் மிருதங்கத்துக்குக் காரைக்குடி மணியையும் தந்த மண்ணில் தவிலைப் பற்றி மட்டும் பேசலாமா என்று நான் சீண்டுவதும் வழக்கம். என்னை அங்கே இழுத்துச் செல்வது நாடகம். இப்படி இருவருக்கும் விருப்பம் வேறுபட்டது எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது; எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திருவிழாவுக்குப் புறப்படும் முன் அவ்வூரின் திருவிழா நோட்டீசை வாங்கிப் படித்துவிட வேண்டும். இப்போது அது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் யாருடைய மண்டகப்படி (அன்றைய செலவை ஏற்கும் உபயம்), அன்று எந்த நாகசுரக் குழு, எந்த இரவில் நாடகம், எந்த இரவில் பட்டிமன்றம் அல்லது மெல்லிசைக் கச்சேரி என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். மண்டகப்படிதாரருக்கு மண்டகப்படிதாரர் வசதியும் இரசனையும் மாறுவதால், ஒரே திருவிழாவில் ஒரு நாள் தேர்ந்த வாசிப்பும் மறுநாள் பெயருக்கு ஒரு வாசிப்பும் அமைவது உண்டு. எல்லா நாளும் தங்க முடியாதவர்கள் நோட்டீசைப் பார்த்தே நாளைத் தேர்ந்துகொள்ளலாம். அத்துடன் ஊர்க் கட்டுப்பாடுகளையும் விசாரித்துக்கொள்வது நல்லது. காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. வெளியூராருக்கு அது பொருந்துமா, சுவாமி வரும் வீதியில் செருப்பணியலாமா, எந்த எல்லைக்குள் புலால் உணவு ஆகாது என்பனவற்றை ஊருக்கு ஊர் கேட்டுத்தான் அறிய முடியும்.

கூடாரம் அடிக்க இடம் கேட்பதற்கு உரிய ஆள் கோயில் கணக்கர் அல்லர், தோப்பின் சொந்தக்காரர்தான். எங்களுக்கு இடம் தந்தவர் கோயிலுக்குப் பின்புறம் மாமரமும் வேம்பும் நிற்கும் சிறு தோப்பை உடைய ஓர் ஆச்சி. வெளிநாட்டிலும் சென்னையிலும் பிள்ளைகள் இருக்க, திருவிழாவுக்காக மட்டும் பெரிய வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் எங்களிடம் முதலில் சொன்னது ஊருணியைப் பற்றி. செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கிய ஊருணியே தலைமுறைகளாகக் குடிநீர் தந்துவந்தது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட இந்நாளிலும் குடிநீர் ஊருணியில் இறங்கிக் கால் கழுவினாலும் ஊரார் பொறுக்க மாட்டார்கள். குளிப்பதற்கு வேறு குளம் இருக்கும். அது வைகாசியில் வற்றியிருந்தால் யாராவது ஒருவருடைய கிணற்றடியில் அனுமதி பெற்றுக் குளிக்க வேண்டியதுதான். கழிப்பறைக்கும் இவ்வாறே ஒரு வீட்டில் சொல்லி வைத்துக்கொண்டு, போகும்போது அவ்வீட்டில் வேலை பார்ப்பவருக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவது முறை.

இனிக் கூடாரத்தைப் பற்றி. மலைப்பகுதிகளுக்கென்று தயாரிக்கப்படும் கூடாரங்களில் நீர் புகாத மேல்துணியும் அதற்குள் வலைத்துணியும் என இரண்டு அடுக்கு இருக்கும். செட்டிநாட்டுக் கோடையில் மேல்துணி போர்த்திய கூடாரத்துக்குள் இருக்கவே முடியாது. வலையை மட்டும் நிறுத்தி, மேல்துணியை மழைக்காகக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் அந்தச் செம்மண்ணில் ஓர் அங்குலம் கூட இறங்குவதில்லை, ஏனெனில் மேல் மண்ணுக்குக் கீழே செம்பாறை இருக்கிறது. ஆகவே காரைக்குடியில் இரும்புக் கடையொன்றில் கனத்த கம்பியை முழ நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கூராக்கி வாங்கிக்கொண்டோம். அவற்றை அடிக்கக் கல்லை நம்பாமல் ஒரு சுத்தியலையும் கொண்டுபோவது நல்லது. முளை இறங்காத இடத்தில் கயிற்றை மரத்தில் கட்டுவதே சுலபம்.

கூடாரத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி சிரித்தார். “தம்பி, இந்தப் பைக்குள்ள பகல்ல படுத்தா இட்டிலி மாதிரி வெந்து போயிருவீக. வெயில் ஏறுனதும் முகப்புக்கு வந்துருங்க” என்றார். அந்த அழைப்பு எல்லாருக்கும் வாய்க்காது என்பதை அறிவேன். வாய்த்தால் மறுக்கக் கூடாது. செட்டிநாட்டு வீட்டின் முகப்பு தெருமட்டத்திலிருந்து உயர்ந்திருக்கும், கூரை உயரம், சுவர் சுண்ணாம்புப் பூச்சு, தரையில் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கும் ஆத்தங்குடிக் கல். வெளியே அனல் வீசும் நண்பகலில் அந்தத் தரையில் வெறும் துண்டை விரித்துப் படுத்தால் போர்வை தேவைப்படாத அளவுக்கு மட்டும் குளிர்ச்சி இருக்கும். வீடு வாய்க்காதவர்கள் தோப்பிலேயே பகல் உறக்கத்துக்கு வேறொரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்: கயிற்றுக் கட்டில் ஒன்றை வாடகைக்கோ இரவலாகவோ பெற்று, அடர்ந்த வேம்பின் தென்புறத்தில் போட்டு, காலையில் கிழக்கேயும் பிற்பகலில் மேற்கேயும் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொள்ளலாம். கயிற்றுக் கட்டிலில் கீழிருந்தும் காற்று வருவதால் முதுகு வேர்ப்பதில்லை. நிலத்தில் விரிக்கும் எந்த மெத்தையாலும் அது இயலாது. கண்ணுக்கு ஒரு கறுப்புத் துணியும் காதுக்குப் பஞ்சும் இருக்கட்டும், ஏனெனில் திருவிழா நாள்களில் காலையிலேயே குழாய் ஒலிபெருக்கிகள் பக்திப் பாடல்களை முழங்கத் தொடங்கிவிடும். உறங்குகிறவர் யாரும் இருப்பார்கள் என்று அவ்வூரில் ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை.

இரவில் சற்று நேரம் கண்ணயர்ந்தாலும் வெறும் தரையில் படுக்காமல் இருப்பதற்கு வெப்பத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கட்டுவிரியன் பகலில் ஒடுங்கியிருந்து இரவில் இரை தேடும் பாம்பு. இரவில் தரையில் படுத்து உறங்குகிறவர்களைக் கடித்துவிடுவது அதன் தனி ஆபத்து. கடிபட்ட இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது என்பதால், விடியும் நேரத்தில் வயிற்று வலியும் இமைத் தொய்வும் வந்த பிறகே தெரியவரும். பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை இதற்குச் சிறந்த காப்பு. எல்லாப் பக்கமும் மூடும் வலைக் கூடாரம் அந்த வகையில் கொசுவலையைவிடவும் நம்பத்தக்கது. உண்ட மிச்சத்தைக் கூடாரத்தருகில் போட்டால் எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும். செருப்பை உதறாமல் காலில் மாட்டக் கூடாது. டார்ச் விளக்கு இல்லாமல் சருகில் கால் வைக்கக் கூடாது. கடித்ததாக ஐயம் எழுந்தாலே கீறுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், நஞ்சு முறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.

இத்தனையும் எதற்காகவோ அதற்கு வருகிறேன். புறப்பாட்டின்போது நாகசுரக்காரர் முதலில் வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டை இராகத்தில் அமைந்த, சாகித்தியம் (பாடல் வரிகள்) இல்லாத அந்த வாசிப்பு, சுவாமி புறப்படுகிறது என்பதை ஊரின் கடைசி வீடு வரை அறிவித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டதும் குழுவோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நடந்துகொண்டே கேட்பதில் பாதி இசை கூட்டத்தின் இரைச்சலில் போய்விடும். வித்துவான்கள் மனமொன்றி இராக ஆலாபனை செய்வது சுவாமி நிற்கும் இடங்களில், குறிப்பாக வீதி திரும்பும் மூலைகளில். ஆகவே ஊர்வலத்துக்கு முன்னதாகவே சென்று, அடுத்து நிற்கப்போகும் மூலையில் ஒரு திண்ணையைப் பிடித்துக்கொள்வது எங்கள் முறை. செட்டிநாட்டில் இது இன்னொரு வகையிலும் உதவும். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்ட வீடுகளின் உயர்ந்த சுவர்கள் இருபுறமும் நிற்பதால், நேரான அந்த வீதிகளில் காம்போதி இராகத்தின் கார்வை (நீட்டி நிறுத்தும் சுரம்) ஒன்று மறைந்த பிறகும் சிறிது நேரம் நின்று ஒலிக்கும். மைக் வேண்டியதே இல்லை; மைக் வைத்த இரவுகளில் அந்தக் கார்வை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தவிலுக்கு மிக அருகில் நிற்பதை நண்பர்கூட இப்போது விட்டுவிட்டார். விரல்களில் கூடு மாட்டிய வலது கையின் சொற்கள் இரண்டடித் தூரத்தில் காதைத் துளைக்கும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்றால்தான் தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் உள்ள உரையாடல் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. நாகசுரத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம். முற்காலத்தில் பெருவழக்காக இருந்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரமே எங்கும் பரவிவிட்டது. தொலைவில் திறந்த வெளியில் கேட்கும்போது பாரியின் கீழ்ச்சுரங்கள் கூட்டத்தில் கரைந்துவிடுகின்றன. இதனாலும் வீதி மூலைத் திண்ணையே உத்தமம். வாசித்து முடித்த பிறகு, நாகசுரத்தின் ஊதுவாயான சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் வித்துவானிடம் போய் இராகத்தின் பெயரைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார். வாசிக்கும் முன்னோ இடையிலோ போய்ச் சினிமாப் பாட்டு கேட்பவர்களைப் பற்றி எழுதி என் மனநிலையைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

நாடகம் வேறு உலகம். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களின் கோடைத் திருவிழாக்களில் இன்றும் பெரும்பாலும் நடப்பது வள்ளி திருமணம். இந்த நாடக மரபைச் செப்பம் செய்து பாடல்களும் வசனங்களும் எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நிலையான குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறோர் ஊரிலிருந்தும், பபூன் (கோமாளி) மற்றோர் ஊரிலிருந்தும் அன்று மாலை வந்து சேர்ந்து, பாடம் தெரிந்த வலிமையிலேயே விடிய விடிய நடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், அவற்றோடு எல்லாவித ஓசையும் எழுப்பும் ஆல்ரவுண்டு. ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடுவார். அன்றைய நாடகம் தேறுமா என்பதை அவர் பாடும் முதல் இரண்டு பாடல்களிலேயே கணித்துவிடலாம் என்பது என் துணிபு.

முதலில் பபூன் வருவார், பின்னர் நடனக்காரப் பெண்; அவர்கள் இருவரின் நகைச்சுவை நள்ளிரவு வரை இழுத்துக்கொண்டு போகும். இரட்டை அர்த்தப் பேச்சு மலிந்த பகுதி அது. குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்த நேரத்தைத் தோப்பில் கழித்துவிட்டு வரலாம். எங்கள் இருவரின் விருப்ப வேறுபாடு இங்கேதான் பயன்பட்டது. நாகசுரம் முடிந்ததும் நண்பர் பபூனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாரதர் வந்ததும் உறங்கப் போவார். நான் நாகசுரம் முடிந்த கையோடு கூடாரத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, அவர் எழுப்பியதும் நாரதருக்கு எழுந்து வருவேன். இதனால் பாயில் பிடித்த இடமும் பறிபோவதில்லை, கூடாரத்திலும் பெரும்பாலான நேரம் ஒருவர் இருப்பார். ஒருவரையொருவர் கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. சத்தத்தில் மணி கேட்காது, கூட்டம் மிகுந்த இரவில் தொடர்பும் கிடைக்காது. எங்களுக்கு அடையாளம் நாடக மேடைக்கு இடப்புறம் இருந்த சுக்குமல்லிக் காபிக் கடை. மாற்றிக்கொள்ளும் நேரத்தையும் மாலையிலேயே பேசி வைத்துக்கொள்வோம். நட்பு என்பதற்காக இரவு முழுவதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்பதில்லை. எப்போது பிரிவது, எங்கே சேர்வது என்பது தெளிவாக இருந்தால் சச்சரவு எழாது.

நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் முருகனுக்காகத் தூது வரும் நாரதர் கேள்வி கேட்க, வள்ளி மறுக்க, நூல்களிலிருந்து மேற்கோளும் விருத்தமும் வெண்பாவும் இருபுறமும் பறக்கும். நல்ல இணை அமைந்த இரவில் இது அதிகாலை மூன்று மணி வரைகூட நீளும். ஒத்திகை இல்லாததால் எதிராளி அடுத்து எந்தப் பாட்டை எடுப்பார் என்பது நடிகருக்கே தெரியாது. அந்தக் கணத்தில் விடை தேடும் தவிப்பும், கிடைத்ததும் குரலில் ஏறும் மிடுக்கும் வேறு எந்த மேடையிலும் நான் கண்டதில்லை. முதியவர்கள் இந்தப் பகுதிக்காகவே முதலில் உறங்கிவிட்டு எழுந்து வருவார்கள். நான் இந்த முறையைக் கற்றது அவர்களிடமிருந்துதான். பிறகு முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து, யானைக்கு அஞ்சிய வள்ளியைச் சேர்ந்து, விடியும்போது திருமணம். இடம் பிடிக்க மாலை ஆறு மணிக்கே பாயை விரித்துவிட வேண்டும். பெண்களும் ஆண்களும் பெரும்பாலும் தனித்தனிப் பக்கம் அமர்வதால் எந்தப் பக்கம் விரிப்பது என்று கேட்டு விரிக்கலாம். ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் எதிரே மட்டும் உட்காரக் கூடாது. மேடையின் நடுவுக்கு நேராக, மூன்று நான்கு வரிசை தள்ளி அமர்ந்தால் நடிகரின் சொந்தக் குரலும் சேர்ந்து காதில் விழும்.

நாடகத்தின் நடுவே அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் தொகையையும் மைக்கில் அறிவிப்பார்கள். நடிகர்களுக்கு அந்த வருமானம் முக்கியமானது என்பதால் வழக்கத்தையே குறை கூற மாட்டேன். ஆயினும் தர்க்கம் சூடேறும் இடத்தில் அறிவிப்புக்காக அது நிற்பது எனக்கு உவப்பாக இல்லை. நாங்கள் விடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் சென்று நேரில் கொடுத்துவிடுகிறோம். இதற்குச் சிறு நோட்டுகள் கையில் இருக்க வேண்டும்.

உணவில் சொல்ல அதிகமில்லை. மதியம் அன்னதானம் உண்டு. இரவில் இடியாப்பமோ இட்டிலியோ போதும், வயிறு நிறைய உண்டால் நள்ளிரவுக்கு முன்பே தலை சாயும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிநீர் வைத்துக்கொண்டு, உப்பிட்ட நீர்மோரும் இடையிடையே குடிக்க வேண்டும். தோப்பில் விறகு அடுப்பு மூட்டுவதை அடியோடு தவிர்க்க வேண்டும், காய்ந்த சருகில் ஒரு பொறி விழுந்தால் ஊரே ஓடிவர நேரும்.

கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இடியோடு வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் தோப்பை விட்டு வீட்டுக்கோ காருக்கோ போய்விட வேண்டும். கூடாரத்தின் உலோகக் கம்பியும் உயர்ந்த மரமும் அந்த நேரத்தில் துணையாகா. இறுகிய செம்மண் நீரை உடனே உறிஞ்சாது, மேலேயே ஓடும். ஆதலால் கூடாரம் அடிக்கும் முன் பழைய மழை ஓடிய தடத்தைச் சருகை விலக்கிப் பார்த்து, அதற்கு மேட்டில் அடிக்க வேண்டும்.

திரும்பும் பயணத்தை விடியும் நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மிக அழுத்தமாகச் சொல்வேன். இரவு முழுவதும் விழித்தவர் காலை வெயிலில் திருச்சி சாலையில் கார் ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சற்றும் குறைந்த ஆபத்து அன்று. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி அதிகாலையில் கிளம்புவதால், அதைப் பிடிக்க நினைத்தால் வள்ளியின் திருமணத்தைப் பார்க்க முடியாது. கடைசி நாளன்றும் வழக்கம்போலப் பிற்பகல் வரை உறங்கி, முளைகளைப் பிடுங்கி, தோப்பில் நாங்கள் போட்ட காகிதத் துண்டு வரை பொறுக்கி எடுத்து, ஆச்சியிடம் சொல்லிக்கொண்டு, இராமேசுவரத்திலிருந்து இரவில் வரும் வண்டியில் ஏறுவதே எங்கள் வழக்கம். அதற்குப் படுக்கை இடம் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். திருவிழா நாள் குறித்த செய்தி வந்த அன்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.